மார்கரெட் அக்காவின் லிமிட்

டபுள் கட்டில் விரிப்பை ஒரு ஆளால் சரியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, ஒரு உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். நானும் மார்கரெட் அக்காவும் ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு முறையாவது அப்படி நடந்து வருகிறோம். அவர் முகத்தை அத்தனை பக்கத்தில் அத்தனை தடவை பார்த்தவர்கள், அவர் வீட்டுக்காரருக்கு அடுத்து நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் ரிசார்ட் மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் போகிற வழியில், கடலை ஒட்டி இருக்கிறது. கடப்பாக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்கு ஸ்டாஃப் வேன் எங்களை ஏற்றிக்கொண்டு வரும். அக்கா லினன் ரூம் சூப்பர்வைசர். நூற்றுப் பத்து அறைகளின் விரிப்பும் தலையணை உறையும் துண்டும் அவர் கையெழுத்தில்தான் உள்ளே வரும், வெளியே போகும். நான் காண்ட்ராக்ட் ஆள். எனக்கு மேஸ்திரி கவரில் போட்டுக் கொடுப்பார். அக்காவுக்கு மாதம் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு பேங்கில் விழும். சம்பளச் சீட்டும் வரும்.

எங்கள் தெருவில் உழைக்காதவர்கள் யாரும் இல்லை. படகுக்குப் போகிறார்கள், இறால் கம்பெனிக்குப் போகிறார்கள், அக்காவின் வீட்டுக்காரர் ஏசுதாஸ் அண்ணன் மாதிரி பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். ஆனால் சம்பளச் சீட்டு வாங்குகிறவர் அக்கா ஒருவர்தான். அந்த ஒரு தாள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஒரு நாள் ரிசார்ட் கேண்டீனுக்கு டை கட்டிய ஒருவர் படிவங்களோடு வந்தார். சம்பளச் சீட்டு இருக்கிறவர்களுக்குக் கிரெடிட் கார்டு என்றார். அக்கா கையெழுத்துப் போட்டார். இருபது நாளில் நீல நிறத்தில் ஒரு கார்டு வந்தது. ஐம்பதாயிரம் லிமிட். அதை அக்கா ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்கு மாதம் தொடாமல் வைத்திருந்தார். பிறகு ஒரு மிக்ஸி வாங்கினார். பில் வந்ததும் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம்.

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது கடைக்காரர், கார்டு இருந்தால் வட்டி இல்லாமல் மாதம் இரண்டாயிரம் கட்டினால் போதும், கார்டு இல்லை என்றால் இருபத்து நாலாயிரத்தையும் எண்ணி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அமிர்தவல்லி திரும்பி வந்து அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அக்கா கார்டைத் தேய்த்தார். அமிர்தவல்லி அவருக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. கார்டு தேவைப்படுகிறவர்கள் அக்காவைக் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும், போகவர ஆட்டோக் கூலி அவர்களுடையது, குடிக்க ஏதாவது வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து அக்கா வெளியே வரும்போது தவணைப் பணத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். சர்ச்சுக்குப் போகாத நாங்களும் அந்த நேரத்துக்கு சர்ச் கேட் அருகே நிற்போம். மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்று நானும் அப்படித்தான் வாங்கினேன். அக்கா யாரிடமும் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியதில்லை.

ஒரு வருஷம் கழித்து, நாங்கள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போனில் ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டுத் தன் பக்க முனையைக் கீழே விட்டுவிட்டார். வெள்ளை விரிப்பு தரையில் புரண்டது. சுத்தமான விரிப்பைத் தரையில் போட்டால் எங்களையெல்லாம் ஒரு வழி பண்ணிவிடுகிறவர் அவர். நீலக் கார்டின் லிமிட்டை ஐம்பதிலிருந்து தொண்ணூறாயிரமாக உயர்த்தியிருக்கிறார்கள் என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அடுத்த முதல் ஞாயிறு நான் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சர்ச் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் தெரு முழுக்கக் கேட்கும். சாட்சி சொல்கிற நேரம். உடம்பு சரியானது, வேலை கிடைத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்ததும் அக்காவின் குரல் வந்தது.

"நான் கேக்கவே இல்ல. கேக்காமலே ஆண்டவர் என் லிமிட்ட தொண்ணூறாயிரமா உயர்த்தினாரு. அவருக்கு ஸ்தோத்திரம்."

உள்ளே எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். பதினோரு வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர் அக்கா. சம்பளம் முந்நூறு, நானூறாகத்தான் ஏறும். அதற்கும் மூன்று தடவை மேனேஜர் அறைக் கதவின் முன்னால் நிற்க வேண்டும். கேட்காமல் அவருக்கு யாரும் எதையும் உயர்த்திக் கொடுத்ததில்லை. முதல் தடவை அப்படி ஒன்று நடந்தபோது அதை அவர் சம்பள உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஸ்பீக்கரில் சொன்னதால் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் கேசவன் தன் படகு இன்ஜினுக்கு முப்பத்தோராயிரத்துக்குச் சாமான் வாங்கினான். ஏசுதாஸ் அண்ணனின் தம்பி ஹேமந்த் மாமல்லபுரத்தில் சுற்றுலா வருகிறவர்களைப் போட்டோ எடுக்கிறவன். வாடகைக் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தாறாயிரத்துக்குச் சொந்தக் கேமரா வாங்கினான். சர்ச் ஆம்பிளிஃபயர் புகைந்துபோக, பாஸ்டர் செல்வராஜ் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அதற்கும் அக்கா கார்டைத் தேய்த்தார். பத்தாவது ஆண்டு விழா என்று புது ஸ்பீக்கர் பெட்டிகளும் சேர்ந்துகொண்டன.

"எங்க வூட்டுல பேங்க் கீது. கொழம்புக்கு மீன்தான் இல்ல" என்று ஏசுதாஸ் அண்ணன் வேனுக்குக் காத்திருக்கிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். தெருவில் அக்காவுக்குக் கார்டு மார்கரெட் என்று பேர் விழுந்தது. அக்கா அதற்குக் கோபப்படவில்லை. கொஞ்சம் பிடித்திருந்தது என்றுகூட நினைக்கிறேன்.

அந்த வருஷம் மழை நவம்பரில் பிடித்து டிசம்பரில்தான் விட்டது. படகுகள் போகவில்லை, பெயிண்ட் வேலை இல்லை, கடற்கரையில் போட்டோ எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. முதல் ஞாயிறு அக்கா சர்ச்சை விட்டு வெளியே வந்தபோது கேட் அருகே இரண்டு பேர்தான் நின்றோம். பில்லில் முழுத் தொகைக்குப் பக்கத்தில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருப்பார்கள். அக்கா முதல் முறையாக அதை மட்டும் கட்டினார். மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்பது அடுத்த பில்லில் தெரிந்தது. அன்று துண்டுக் கட்டுகளை அவர் இரண்டு தடவை தப்பாக எண்ணினார். நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் தவணையைத்தான் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேனே என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் வேறொரு பேங்கிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நீலக் கார்டில் இருக்கிற பாக்கியை எங்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்கு ஒரு சதவீதம்தான் வட்டி, பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்று பேர் என்றாள். வார்த்தைக்கு வார்த்தை அக்காவை மேடம் என்றாள். ரிசார்ட்டில் எல்லோரையும் மேடம் என்று கூப்பிடுகிறவர் அக்காதான். அவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சிவப்புக் கார்டு வந்தது. நீலத்திலிருந்து நாற்பத்தைந்தாயிரம் அதற்கு மாறியது. அந்த ஆறு மாதத்தில் அந்த நாற்பத்தைந்தாயிரத்தை மட்டும் பார்த்து முடித்திருந்தால் அது நல்ல ஏற்பாடுதான். அக்காவும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார்.

ஆனால் எங்கள் தெருவில் யாரும் கடன் கொடுப்பீர்களா என்று கேட்பதில்லை. "அக்கா, லிமிட்டு கீதா?" என்றுதான் கேட்பார்கள். கடன் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். லிமிட் இருக்கிறதா என்று கேட்டால், நீலக் கார்டில் நாற்பத்தைந்தாயிரம் காலியாக இருக்கும்போது இல்லை என்று சொல்வது பொய். அக்காவுக்குப் பொய் வராது. மீந்துபோன சோப்பைக்கூடக் கேட்காமல் எடுத்துப் போகாதவர். காலியான இடம் மூன்று மாதத்தில் மறுபடி நிறைந்தது. இரண்டு போன், ஒரு வாஷிங் மெஷின், யாரோ ஒருவர் வீட்டுக் காது குத்துக்கு ஜவுளி.

ஆறு மாதம் முடிந்து சிவப்புக் கார்டு வட்டியை ஏற்றியதும் கருப்புக் கார்டு வந்தது. சிவப்பிலிருந்து கருப்புக்கு மாற்றினார். மாற்றும்போதெல்லாம் அதற்கொரு கட்டணம். லினன் ரூம் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தார்: பத்து சிவப்பு, பதிமூன்று கருப்பு, பதினேழு நீலம். பில் போடுகிற தேதிகள். அழுக்கு விரிப்பை ஒரு டிராலியிலிருந்து இன்னொரு டிராலிக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறோம், இன்னும் மிஷினில் போடவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மூன்று கார்டிலும் ஒரு மாதம்கூட அக்கா தேதி தவறியதில்லை. தன் கம்மலை வைத்தாவது கட்டிவிடுவார்.

மகள் பிரிசில்லா பன்னிரண்டாவது முடித்தாள். அச்சரப்பாக்கம் தாண்டி ஒரு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. இடத்தைப் பிடித்து வைக்கப் பத்தாயிரம் கட்டியாகிவிட்டது. மீதியை அக்டோபர் பத்துக்குள் கட்ட வேண்டும். கல்விக்கடன் இருக்கிறதே என்று அக்கா தைரியமாக இருந்தார். அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்பதால் அம்மாவின் பேரைச் சேர்த்து விண்ணப்பம் போட்டார்கள். ஆகஸ்ட் மாதம் பேங்கில் கூப்பிட்டார்கள். தனியாகப் போக என்னவோ போலிருக்கிறது என்று அக்கா என்னையும் கூட்டிப் போனார்.

கடன் பிரிவில் இருந்த அம்மா பேர் பிரபாவதி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, உங்கள் கிரெடிட் ஸ்கோர் அறுநூற்று அறுபத்தொன்று, எங்களுக்கு எழுநூறாவது வேண்டும் என்றார். அக்கா பையிலிருந்து பணம் கட்டிய ரசீதுகளை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். பிரபாவதி மேடம் அவற்றைத் தள்ளிவிடவில்லை. எல்லாவற்றையும் பார்த்தார்.

"நீங்க ஒரு தடவைகூடத் தவறல, அம்மா. அது எனக்கும் தெரியுது. ஆனா மூணு கார்டும் சேத்து ரெண்டு லட்சத்து இருபதாயிரம் லிமிட். அதுல ஒரு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரம் எப்பவும் நிக்குது. பாக்கறவங்களுக்கு, இந்தம்மா கார்டுலதான் சோறு சாப்பிடறாங்கன்னு தோணும்."

"நான் ஒண்ணும் வாங்கலியே மேடம்" என்றார் அக்கா. "மிக்ஸி ஒண்ணுதான் வாங்கினேன்."

பிரபாவதி மேடம் ரசீதுகளை ஒன்றாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். பிறகு வழி சொன்னார். அடுத்த மாதம் பில் போடுகிற தேதிகளுக்கு முன்னால் மொத்தப் பாக்கி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, எழுபத்து மூவாயிரத்துக்குள், வந்துவிட வேண்டும். பில்லில் என்ன நிற்கிறதோ அதைத்தான் ஸ்கோர் போடுகிறவர்கள் பார்ப்பார்கள். வந்துவிட்டால் ஸ்கோர் ஏறிவிடும், அக்டோபர் முதல் வாரம் பார்த்துவிடலாம். இன்னொன்று, புதிதாக எந்தக் கார்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்றார்.

ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் கட்ட வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரு அக்காவுக்குத் தர வேண்டியிருந்தது. பேப்பரில் எழுதாமலே ஒவ்வொருவர் பாக்கியும் அவருக்குத் தெரியும்.

முதலில் ஹேமந்திடம் போனார். அவனுடையதுதான் பெரியது, நாற்பத்தோராயிரம். வீட்டு மனுஷன், புரிந்துகொள்வான் என்று நினைத்தார். மறுநாள் காலை வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். புதுப்பட்டினம் வந்ததும், ஹேமந்த் சொன்னதை அப்படியே சொன்னார்.

"அண்ணி, நீங்கதான சபையில சொன்னீங்க, ஆண்டவர் குடுத்த லிமிட்டுன்னு. ஆண்டவர் குடுத்தத நீங்க இன்னாத்துக்குத் திருப்பிக் கேக்கறீங்க?"

சிரித்துக்கொண்டே சொன்னானாம். அன்று முழுக்க அக்கா வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை. அதிகமாக யோசிக்கும்போது அவர் அப்படித்தான்.

செப்டம்பர் முதல் ஞாயிறு ஆராதனைக்கு நானும் போய்ச் செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன். வரச் சொன்னது அக்காதான். ஹேமந்த் ஓரமாக உட்கார்ந்து, கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஆராதனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அது ஒவ்வொரு வாரமும் யூடியூபில் போகும். சாட்சி நேரம் வந்ததும் அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். அவர் கார்டில் வாங்கிய ஆம்பிளிஃபயர், அவர் கார்டில் வாங்கிய ஸ்பீக்கர். குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு வருசம் முன்ன இதே எடத்துல நின்னு ஒரு சாட்சி சொன்னேன். அது சாட்சி இல்ல. அது கடன். குடுத்தவன் பேங்க்காரன். அதுக்கு நான் ஆண்டவர் பேர வெச்சிட்டேன். எல்லாரும் மன்னிச்சிக்குங்க."

ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா தொடர்ந்தார்.

"பிரிசில்லா படிப்புக்கு லோனு கேட்டுகீறோம். கார்டு ரொம்பி கீதுன்னு தரமாட்டேன்றாங்க. நான் யார் பேரும் இங்க சொல்லல. பதினேழாந் தேதிக்குள்ள முடிஞ்சவங்க முடிச்சு வுட்டீங்கன்னா, எம்பொண்ணு படிச்சிரும்."

உட்கார்ந்துவிட்டார். ஹேமந்த் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் அமிர்தவல்லி பிடித்துக்கொண்டாள். ஒரு ஃபிரிட்ஜுக்கு ஊரைக் கூட்டி மைக் போட்டுக் கேட்பதா, நாலு சுவருக்குள் கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேனா என்றாள்.

"நாலு சுவத்துக்குள்ள நாலு வாட்டி கேட்டேன், அமிர்தம்" என்றார் அக்கா.

அமிர்தவல்லி முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் செவ்வாய்க்கிழமை, பாதியில் நிறுத்திவிட்ட தவணைப் பாக்கி பதினைந்தாயிரத்தைக் கொண்டுவந்து, வாசற்படியில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போனாள். கழுத்தில் செயின் இல்லை. பாஸ்டர் ஞாயிறு சாயங்காலமே சர்ச் கமிட்டியைக் கூட்டி, ஆண்டு விழாப் பந்தலுக்கு வைத்திருந்த இருபதாயிரத்தை எடுத்துக் கொடுத்தார். கேசவன் இரண்டு தடவையாக இருபத்திரண்டாயிரம் கொண்டுவந்தான். வாஷிங் மெஷினும் போனும் ஜவுளியும் சேர்ந்து பதினைந்தாயிரம் வந்தது. எனக்கு ஆறாயிரம் பாக்கி. நான் கட்டி வந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தேன். கடைசி மாதங்களில் நானும் தவணையைத் தள்ளித் தள்ளித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்; அதை ஒரே நாளில் கொடுக்க முடிந்ததை நினைத்தபோது கூச்சமாக இருந்தது. அக்காவின் பண்டிகை முன்பணம் ஒன்பதாயிரம். எந்தக் கார்டின் தேதி முதலில் வருகிறதோ அதில் கட்டிக்கொண்டே வந்தார்.

தெருவில் பேச்சு குறைந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அக்கா குடத்தோடு போனால் மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அது மரியாதை இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பதினான்காம் தேதி கணக்குப் பார்த்தபோது பாக்கி ஒரு லட்சத்து ஏழாயிரத்தில் நின்றது. இன்னும் முப்பத்து நாலாயிரம் வேண்டும். மூன்று நாள் இருந்தது. ஹேமந்த் அந்தப் பக்கமே வரவில்லை.

அன்று நாங்கள் மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அதே பெண்ணின் குரல் மாதிரியே இருந்தது. வேறு பெண்ணாகவும் இருக்கலாம். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு விரிப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார். மேடம், உங்கள் பேரில் ஒன்றரை லட்சம் லிமிட்டில் ஒரு கார்டு தயாராக இருக்கிறது, மற்ற கார்டு பாக்கியெல்லாம் இதற்கு மாற்றிக்கொள்ளலாம், இப்போதே ஓடிபி சொன்னால் போதும் என்றாள்.

அக்கா கணக்கில் கெட்டிக்காரர். அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன். லிமிட் ஒன்றரை லட்சம் ஏறினால் மொத்தம் மூன்று லட்சத்து எழுபதாயிரம். அதில் ஒரு லட்சத்து ஏழாயிரம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஹேமந்தைப் பார்க்க வேண்டாம். அந்தப் பெண் மேடம், மேடம் என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

நான் என் பக்க முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் இன்னும் பாதி தூரம்தான் நடந்து வந்திருந்தோம்.

"வேணாம்மா" என்றார் அக்கா. "எம்பேர்ல ஏற்கெனவே நெறைய பேரு ஏறி ஒக்காந்துகினு கீறாங்க. எடம் இல்ல."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் ஒரு கையால் எட்டிப் போனை நிறுத்தினேன். பிறகு மடிப்பை முடித்தோம்.

பதினாறாம் தேதி சாயங்காலம் எனக்கு மட்டும் வேலை சீக்கிரம் முடிந்தது. ஸ்டாஃப் கேட் வெளியே ஹேமந்த் பைக்கில் உட்கார்ந்திருந்தான். அக்கா எங்கே என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினான். மாமல்லபுரத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் கேமராவை எடுத்துக்கொண்டு முப்பத்து மூவாயிரம் கொடுத்தாராம்.

"எண்ணிக்கச் சொல்லு" என்றான். "மீதிய அண்ணன்கிட்ட தந்துக்கறேன். வூட்டுக்கு வரமாட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அழுத முகம் இல்லை, கோபமும் இல்லை. திரும்பவும் வாடகைக் கேமராவுக்குப் போகிறவன் முகம். தோளில் கேமரா பை இல்லாததால் ஒரு பக்கம் இறங்கியது மாதிரி உட்கார்ந்திருந்தான்.

கவரை லினன் ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா எண்ணவில்லை. மேஜையில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏசுதாஸ் அண்ணன் தன் வாரக் கூலியில் இரண்டாயிரம் போட்டார். அன்றே கட்டினார்கள். பதினேழாம் தேதி நீலக் கார்டு பில் வந்தது. மூன்றும் சேர்த்து எழுபத்திரண்டாயிரம்.

அக்டோபர் நான்காம் தேதி பிரபாவதி மேடம் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எழுநூற்றுப் பதினெட்டு. அக்கா அந்த எண்ணை விரலால் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். ஒன்பதாம் தேதி காலேஜுக்குப் பணம் போனது. பிரிசில்லா விடுதிக்குப் போன அன்று ஹேமந்த் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, தன் போனில் அவளை ஒரு படம் எடுத்தான். அண்ணியோடு பேசவில்லை. படத்தை மட்டும் அண்ணன் போனுக்கு அனுப்பினான்.

லோன் கையெழுத்தான மறுவாரம் அக்கா நீலக் கார்டின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். என் கார்டு லிமிட்டைக் குறைக்க வேண்டும், பழையபடி ஐம்பதாயிரம் ஆக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் இருந்தவருக்குப் புரியவில்லை. உயர்த்த வேண்டுமா மேடம் என்று கேட்டார். இல்லை, குறைக்க வேண்டும் என்றார் அக்கா. உங்களுக்கு இன்னும் உயர்த்தித் தர முடியும் மேடம் என்றார் அவர். மூன்றாம் தடவையும் அக்கா அதையே சொன்னதும், காரணம் என்று ஒன்று போட வேண்டும், என்ன காரணம் போடட்டும் என்று கேட்டார்.

அக்கா யோசித்தார். ஜன்னல் வழியே கொடியில் துண்டுகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன.

"எங்க தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு சார்" என்றார். "அப்படியே போட்டுக்குங்க."

போனை வைத்துவிட்டு, அடுத்த விரிப்பை எடுத்து ஒரு முனையை என் பக்கம் எறிந்தார்.